அந்தக் கைக்கு மேல் இருந்த ஆள்

ஒரகடத்துக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. விசாப் பத்திரத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கோயில் தரிசனம் என்று எழுதினேன். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லக்கோட்டையில் முருகன் இருக்கிறார். அவரைப் பிணை வைத்துத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டேன்.

உண்மையான நோக்கம் என் தோள்பையில், ஒரு காக்கி உறைக்குள் இருந்தது. ஆறு படங்கள் கொண்ட நெகட்டிவ் துண்டு ஒன்று, அதில் ஒரு படத்திலிருந்து நான் போட்ட ஒரேயொரு பிரிண்ட்.

நான் பத்திரிகைப் படப்பிடிப்பாளன். யுத்தம் நடந்த வருடங்களில் இடம்பெயர்ந்த சனங்களுக்குப் பின்னால் கமராவோடு அலைந்ததுதான் என் உத்தியோகம். எங்கள் யுத்தம் ஓய்ந்த பிறகு வேறு நாடுகளின் அகதிக் கூடாரங்களுக்கும் என்னை அனுப்பினார்கள். எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்று மட்டும் பெயர் வாங்கியது. மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவு, மழை, தண்ணீர் வண்டிக்கு வரிசை. ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் இடுப்பளவு குடத்தோடு நிற்கிறாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. படத்தின் ஓரத்தில் அவள் தோளில் பெரிய கை ஒன்று இருக்கும். மணிக்கட்டோடு படம் முடிந்துவிடும்.

படத்தை வாங்கிய வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அதற்கு 'யாருமற்றவள்' என்று தலைப்பு வைத்தது. தோளில் கை இருக்கும்போது அவள் எப்படி யாருமற்றவள் ஆவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பரிசு தந்தார்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு போய் வாங்கினேன்.

பதினெட்டு வருடம் கழித்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "அங்கிள், அந்தப் படத்துல இருக்குறது நான்தான். சட்டை, அம்மா ஜன்னல் சீலையில தைச்சது. என் தோள்ல ஒரு கை இருக்கு. அந்தக் கைக்கு மேல இருந்த ஆள் உங்ககிட்ட இருக்காரா?"

அவள் பெயர் ஜெனிற்றா. ஒரகடத்தில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. படம் எடுத்த சில வாரங்களில் தாயும் அவளும் படகேறி ராமேஸ்வரம் வந்துவிட்டார்கள். தகப்பன் அடுத்த படகில் வருவதாகச் சொல்லிக் கரையில் நின்றார். அடுத்த படகு வந்தது, அவர் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பெட்டி கடலோடு போனதால் கலியாணப் படம்கூட மிஞ்சவில்லை. அப்பாவின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. அவளிடம் இருந்தது அந்தக் கை மட்டும்தான், அதுவும் என் படத்தில்.

மூன்று நாள் பழைய பிஸ்கட் டின்களைக் கிளறி அந்த நெகட்டிவைக் கண்டுபிடித்தேன். அடுத்த படத்தில் அந்தக் கைக்கு உரிய மனிதர் குனிந்து, சிறுமியின் தலைக்குப் பக்கத்தில் தலையை வைத்து, நேரே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதை ஏன் அப்போது அனுப்பவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தொழிலில் அகதி சிரிக்கக்கூடாது. சிரித்தால் படம் போகாது.

ஆனால் அவர் அப்பாதானா? வரிசையில் பக்கத்தில் நின்ற எவனோ ஒருவன் பிள்ளையின் தோளைப் பிடித்திருக்கலாம். அதை ஒருவரால்தான் சொல்ல முடியும், தாய் பிலோமினாவால். போனில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். ஜெனிற்றா வேண்டாம் என்றாள்.

"வேற ஆளா இருந்தா? அம்மா முன்னால நான் தனியா நிக்க முடியாது, அங்கிள். நீங்க எடுத்த படம், நீங்களே வந்து குடுங்க."

நியாயம்தான். குளியலறையைக் கறுப்புத் துணியால் மூடி, பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசித் தாளில் ஒரு பிரிண்ட் போட்டேன். அப்படித்தான் வந்து சேர்ந்தேன், ஒரு வியாழக்கிழமை மத்தியானம்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை நெடுந்தூரம் கூடவே வந்தது. எங்கள் ஊரில் இதைக் குளம் என்போம், இங்கே ஏரி. பக்கத்து இருக்கைக்காரர் நான் கேட்காமலே கதையைத் தொடங்கினார்.

"இதத்தான் சார் அந்த மழைக்கு தொறந்து வுட்டாங்கோ. எங்க வூடு கீழ்ப்பக்கம். மூணு நாளு மொட்ட மாடில குந்திகினு இருந்தோம். அப்ப நாங்களும் அகதிதான், இன்னா சொல்ற?"

நான் ஆமோதித்தேன். அவருக்கு அதில் ஒரு திருப்தி.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும் நான் பார்த்த முதல் கடைப் பலகை கொரிய எழுத்தில் இருந்தது. இரண்டாவது இந்தி. மூன்றாவதில்தான் தமிழ் வந்தது, அதுவும் 'ரூம் வாடகைக்கு, பேச்சலர் ஓகே' என்று. பெயர்ப்பலகையில் எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே என்று எங்கள் நாட்டில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம். இங்கே யாருக்குப் பசிக்கிறதோ அவன் மொழியில் பலகை வைத்திருக்கிறார்கள்.

தங்கிய விடுதிக்குக் கீழே செல்வி அக்கா என்பவரின் மெஸ். இரவுச் சாப்பாட்டுக்கு நீண்ட மேசை, வேலை முடிந்து வந்த வடக்கத்திப் பையன்கள் நாலைந்து பேர். ஒருவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இந்தியில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன சொல்கிறான் என்று செல்வி அக்காவைக் கேட்டேன்.

"கொழம்புல மீனு நேத்தே ஊருக்குப் போயிடிச்சாம், இன்னிக்கி வாசன மட்டும்தான் இருக்குதாம். கொழுப்பப் பாத்தியா சார்?" என்று சொல்லிவிட்டு, அவன் தட்டிலேயே இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டார்.

எனக்குக் காரம் போதவில்லை. யாழ்ப்பாணத்து நாக்கு கெட்டுப்போன நாக்கு. ஆனால் மறுநாள் காலை இட்லிக்கு வந்த வடகறி என்னை மடக்கிவிட்டது. மூன்று முறை கேட்டு வாங்கினேன். பால் இல்லாத வெறும் தேத்தண்ணிதான் கடைசிவரை கிடைக்கவில்லை. கேட்டால் பரிதாபமாகப் பார்த்து, "வயிறு சரியில்லியா?" என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜெனிற்றாவுக்கு முதல் ஷிப்ட். இரண்டரைக்கு முடிந்து, கம்பனி பஸ்ஸில் மூன்று மணிக்கு ஒரகடம் ஜங்ஷனில் இறங்குவேன், அங்கேயே நில்லுங்கள் என்று சொல்லியிருந்தாள். நான் ஒன்றரைக்கே போய் நின்றுவிட்டேன். தாமதமாகப் போன இடங்களில் படம் தவறிப்போன அனுபவம் அப்படி.

புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்த நீள லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நடுத் தடுப்பில் ஆடுகள் நிம்மதியாக மேய்ந்தன. சாலையோரம் ஒரு கூட்டம் நின்றது, நானும் அதோடு நின்றேன். ஒரு வெள்ளைப் பஸ் வந்தது. முன்கண்ணாடியில் ஜெனிற்றாவின் கம்பனிப் பெயர். என் புத்தி வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். பஸ் கம்பனிப் பக்கம் போகிறது, இங்கே வெயிலில் நிற்பதைவிட அங்கே வாசலில் போய் நின்றால் பிள்ளையை அங்கேயே பிடிக்கலாம். எங்கள் ஊரில் கையைக் காட்டினால் எந்த பஸ்ஸும் ஏற்றும். கூட்டத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நடத்துநர் இல்லை. டிக்கெட் கேட்கவும் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் பெண்களுக்குத்தான் பஸ் இலவசம் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆண்களுக்கும் வந்துவிட்டதாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். சுற்றியிருந்தவர்களின் போன்களில் கமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தேன். ஏதோ புது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் உற்றுப் பார்ப்பதையே தொழிலாகச் செய்தவனின் லட்சணம் அது.

பஸ் வாசலில் நிற்கவேயில்லை. பெரிய கதவு திறக்க, நேரே உள்ளே போய்விட்டது. உள்ளே நல்ல உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் வரிசையாகக் கொக்குகள். கை சும்மா இருக்குமா? போனை எடுத்து ஒரு படம் தட்டினேன்.

இறங்கியவர்கள் சுழலும் இரும்புக் கதவு ஒன்றில் அட்டையைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே போனார்கள். என்னிடம் அட்டை இல்லை. காக்கி உடுப்புக்காரர் ஒருவர் என்னை நோக்கி வேகமாக வந்தார். என் இரண்டு கைகளும் தாமாக மேலே போயின. சோதனைச் சாவடிகளில் பழகிய கைகள்.

"ஐயே, இன்னா சார், கைய எறக்கு. சினிமாவா எடுக்கறாங்கோ இங்க?" என்றார் அவர். ஏகாம்பரம் என்று சட்டையில் பெயர் இருந்தது. வல்லக்கோட்டைக்காரர், என் வயதுதான் இருக்கும். "நீ எந்த டிபார்ட்மெண்டு? ஐடி எங்க?"

என் பையைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கமரா, இரண்டு லென்ஸ், ஃபிலிம், இலங்கைக் கடவுச்சீட்டு. உள்ளே படம் எடுக்கக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சிவப்பு ஸ்டிக்கராம், என் போனில் கம்பனித் தண்ணீர்த் தொட்டி. இனி நான் முருகனைத் தரிசிக்க வந்தவன் என்று சொல்லி யார் நம்புவார்?

பாதுகாப்பு அதிகாரி மரியாதையான மனிதர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மதுரைப் பக்கத்துப் பேச்சு. உட்கார வைத்து டீ கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு பத்திரம் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். சிங்களத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தமிழிலும் போட்டிருக்கிறேன், ஆங்கிலம் மட்டும் என்ன பாவம் செய்தது? என்ன எழுதியிருந்தது என்பதை ஏகாம்பரம்தான் பிறகு சொன்னார்.

"உள்ள புடிச்ச போட்டோ, ஃபிலிம் எல்லாத்தையும் திங்கக்கெழம மேனேஜர் முன்னால கிழிச்சிப் போட்டுடுவாங்கோ. அதுக்கு நீ சரின்னு கையெழுத்து போட்டுகீற சார். படிக்கலியா?"

இது பதினெட்டு வருடம் பழைய ஃபிலிம், இங்கே எடுத்ததல்ல என்று அதிகாரியிடம் கெஞ்சினேன்.

"நான் நம்புறேன் சார்," என்றார். "ஆனா இந்த வாசல்ல ஒரு திருகாணி உள்ள போறதுன்னாலும் இன்வேர்ட் என்ட்ரி போடணும். பதிவு இருந்தாத்தான் பொருள் வெளியிலேர்ந்து வந்ததுன்னு கணக்கு. உங்க ஃபிலிமுக்குப் பதிவு இல்ல. அப்ப பேப்பர்படி அது எங்க கம்பனிக்குள்ளயே உண்டானது. அதை வெளிய விட என்னால கேட் பாஸ் போட முடியாது."

பேப்பர்படி அந்த மனிதர் மன்னாரில் அல்ல, ஒரகடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். யுத்த காலத்தில் ஃபிலிம் சுருள்களை அரிசிக்குள்ளும் சவர்க்காரப் பெட்டிக்குள்ளும் வைத்து எத்தனை சாவடிகள் தாண்டியிருக்கிறேன். ஒரு சுருள்கூடப் பறிபோனதில்லை. இங்கே டீ கொடுத்து, சார் என்று கூப்பிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். போனில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எடுத்து வைத்திருந்தேன். அந்தப் போனும் அவர்கள் அலமாரியில்தான் இருந்தது. மேனேஜர் வருவது திங்கட்கிழமை, எனக்கு ஞாயிறு மாலை விமானம்.

கடவுச்சீட்டை மட்டும் தந்து, வெளியே போகும் பஸ்ஸில் ஏற்றி ஜங்ஷனில் இறக்கிவிட்டார்கள். மணி நாலேகால். டீக்கடைக்கு முன்னால் நீலக் கோட்டும் கழுத்தில் அட்டையுமாக ஒரு பெண் நின்றாள். என் பல பை வைத்த அரைக்கோட்டைப் பார்த்து அவளாகவே வந்தாள்.

"முப்பது தடவ அடிச்சேன் அங்கிள், ஏன் போன் எடுக்கல?"

சொன்னேன். தண்ணீர்த் தொட்டி, கொக்கு உட்பட ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"யாருமற்றவள்னு எனக்கு உலகம் பூரா பேர் வச்சீங்க," என்றாள். "இப்ப வந்து அதை நிஜமாவே ஆக்கிட்டீங்க."

என் ஐம்பத்தாறு வயதில் அவ்வளவு வெட்கப்பட்டு நின்றதில்லை. டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் டீயை எங்கள் நடுவில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார்.

பாதி டீயில் அவள் தலையை நிமிர்த்தினாள். "அங்கிள், அந்தச் சுத்துற கதவைத் தாண்டினீங்களா?"

"இல்லை."

"பை தாண்டுச்சா?"

"இல்லை. பஸ் நிக்கிற இடத்திலேயே பிடிச்சிட்டினம். பக்கத்தில ஒரு கண்ணாடி அறை, அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு."

அவள் முகம் சட்டென்று வேலைநேர முகமாக மாறியது. அவள் ஸ்டோர்ஸில் இருக்கிறாள், வருகிற பொருளையும் போகிற பொருளையும் நாள் முழுக்கப் பதிவதுதான் வேலை. "அப்ப அது உள்ளயே வரல," என்றாள். "பஸ் நிக்கிற எடம் டிரான்ஸ்போர்ட்டோடது. பஸ்ஸுல யாராச்சும் சாப்பாட்டு டப்பா, குடை மறந்துட்டா, அதுக்கு இன்வேர்ட் கிடையாது, கேட் பாஸும் கிடையாது. தனி நோட்டு இருக்கு. மறந்த ஆள் வந்து அடையாளம் சொல்லிக் கையெழுத்து போட்டா குடுத்துருவாங்க. ஆனா மறந்த ஆள் கம்பனி ஆளா இருக்கணும்."

"நான் கம்பனி ஆள் இல்லையே?"

"நான் கம்பனி ஆள்தான்," என்றாள் ஜெனிற்றா.

சனிக்கிழமை அவளுக்கு மறுபடி முதல் ஷிப்ட். இரண்டரைக்கு வெளி வாசலுக்கு வரச் சொன்னாள். காலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வடகறிகூட இறங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் வல்லக்கோட்டைக்குப் போனேன். என்னோடு ஏழு பேர் ஏறினார்கள், இரண்டு கிலோமீட்டரில் பின்சக்கரம் காற்றுப் போய் எட்டுப் பேரும் இறங்கி நடந்தோம். முருகன் ஆள் உயரத்துக்கு மேலே கம்பீரமாக நின்றார். விசாப் பத்திரத்தில் எழுதியதை உண்மையாக்கிவிட்டேன், இனி உன் பாடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டரைக்கு ஏகாம்பரம் என்னை வெளி வாசலில் நிறுத்தி, பார்வையாளர் அட்டை எழுதி, முறையாக உள்ளே கூட்டிப்போனார். அவர் முகத்தில் என்னைவிட அதிகக் கலவரம். வழியில் காரணத்தைச் சொன்னார். முந்தின நாள் அந்த பஸ்ஸில் ஏறி ஒவ்வொருவர் அட்டையையும் பார்க்க வேண்டியவர் அவர்தான். பின்னால் வரிசையாக லாரிகள் ஹாரன் அடித்ததால் பார்க்காமல் கையைக் காட்டிவிட்டார். திங்கட்கிழமை என் விவகாரம் மேனேஜர் மேசைக்குப் போனால், முதலில் போவது அவர் வேலை.

"பொண்ணு சொன்ன ரோசனதான் சார் கரெட்டு," என்றார். "நேத்தெல்லாம் எனக்கு சோறே எறங்கல."

அதிகாரியும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட பத்திரம் மேசையில் இல்லை. என் போனை என்னிடமே கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியை அழிக்கச் சொன்னார், அழித்தேன். போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டார். பிறகு நீளமான நோட்டு ஒன்றை விரித்தார். கடைசியாக எழுதியிருந்தது ஒரு குடை. ஜெனிற்றா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நோட்டுல எழுதுறதுக்கு அடையாளம் சரியா இருக்கணும்மா. பையில என்னென்ன இருக்கு?"

"கேமரா ஒண்ணு, வார் கிழிஞ்சது. லென்ஸ் ரெண்டு. போன் ஒண்ணு. காக்கி கவர் ஒண்ணு."

"கவர்ல?"

"ஃபிலிம் ஒரு துண்டு. போட்டோ ஒண்ணு."

"போட்டோவுல யாரு?"

"நான். சின்னப் பிள்ளையில. ஜன்னல் சீலைத் துணியில சட்டை, கையில குடம்."

"கூட யாரு?"

"எங்க அப்பா."

"அவர் எப்படி இருப்பார்?"

அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அது அவர் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. குடைக்காரனிடம் குடையின் நிறம் கேட்பதுபோல் கேட்டார்.

"தெரியாது சார்," என்றாள் ஜெனிற்றா. "எனக்கு ஞாபகம் இல்ல. அதுக்குத்தான் வாங்க வந்திருக்கேன்."

அதிகாரி உறையைத் திறந்து பிரிண்டைப் பாதி வெளியே இழுத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஏகாம்பரம் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"அண்ணா, சொல்லாதீங்க!" என்று கத்தினாள் அவள். "அம்மா பாக்குறதுக்கு முன்னாடி யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

ஏகாம்பரம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி பிரிண்டை உள்ளே தள்ளி உறையை மூடினார். "கையெழுத்து போடும்மா," என்று பேனாவை நீட்டினார்.

உரிமையாளர் என்ற கட்டத்தில் ஜெனிற்றா தன் பெயரை எழுதினாள். அந்தப் படத்துக்காக நான் எத்தனையோ ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் உரிமையாளர் நான்தான். அது சரியில்லை என்று முதன்முதலாக அந்தக் கண்ணாடி அறையில்தான் உறைத்தது. வெளியே வந்ததும் எனக்கு அப்படியொரு பசி எடுத்தது. வாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் ஒடிசாக்காரர் ஒருவர் சமோசா பொரித்துக்கொண்டிருந்தார். நின்ற நிலையில் நான்கு தின்றேன். ஜெனிற்றா உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள், திறக்கவில்லை.

ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வரிசையாக ஆறு வாடகை வீடுகளில் கடைசி. பிலோமினா நல்ல சேலை கட்டி, வீடு துடைத்து, கால்மிதி மாற்றியிருந்தா. வெளிநாட்டு மாப்பிள்ளை ஒன்றைப் பேச நான் வந்திருப்பதாக அவவுக்கு எண்ணம். ஜெனிற்றா ஒன்றும் சொல்லாமல் மறைத்தால் தாய் மனம் வேறெதை நினைக்கும்?

"வாங்கோ அண்ணை, இருங்கோ. இடியப்பமும் சொதியும் வச்சிருக்கிறன். இஞ்சத்தைய சாப்பாடு உங்களுக்கு ஒத்துவந்திராது."

மன்னார்ச் சொதி, அந்த ஒரகடத்தில். சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எதையும் கதைக்கவில்லை, கதைத்தால் சாப்பாடு உள்ளே போகாது என்று தெரியும். கை கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். படம், கை, அடுத்த படம், அது வேறு ஆளாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து. ஜெனிற்றா உறையைத் தாயின் மடியில் வைத்துவிட்டு, அடுப்படியில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணாடி எங்க வச்சனான்?" என்று பிலோமினா தேட, அது தலையிலேயே இருந்தது. போட்டுக்கொண்டு பிரிண்டை வெளியே எடுத்தா.

எவ்வளவு நேரம் பார்த்தா என்று தெரியாது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது, திரும்ப ஓடியது. என்னால் அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு ஆள், வேறு ஆள் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"முன்பல்லைப் பார்," என்றா பிலோமினா. "கலியாணத்துக்கு முதல் நாள் சைக்கிளால விழுந்து உடைச்ச பல்லு. கட்டச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்தது." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினா. "ஜெனி, இஞ்ச வா பிள்ளை. வந்து கொப்பரை, உன்ர அப்பாவைப் பார்."

நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இல்லை. எத்தனையோ பேர் அழும்போது கமராவுக்குப் பின்னால் காய்ந்த கண்ணோடு நின்றவன், அன்றைக்குக் கை இரண்டும் சும்மா இருக்க, நாற்காலியில் இருந்து அழுதேன். ஜெனிற்றா தாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயையோ, இவர்ட்டருந்துதான் வந்ததா இது?" என்றாள். தாயும் மகளும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் பிலோமினா என்னைப் பார்த்தா. "அப்ப நீங்கள்தானோ அது? தண்ணிப் பவுசரடியில ஒரு பேப்பர்க்காரத் தம்பி படம் எடுத்தவன், எங்களுக்கும் ஒண்டு கொண்டுவந்து தாறன் எண்டவன் எண்டு இவர் வந்து சொன்னவர். ரெண்டு நாள் உங்களை எதிர்பாத்து அங்கயே நிண்டவர்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஆட்கள் அசையாமல் நிற்பதற்காக நாங்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது, கொண்டுவந்து தாறேன். ஒருவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. அவர் அதற்காகத்தான் சிரித்திருக்கிறார்.

"நீங்கள் கொஞ்சம் பிந்திட்டியள், அண்ணை. பரவாயில்லை," என்றா பிலோமினா.

நெகட்டிவையும் அவர்களிடமே கொடுத்தேன். புறப்படும் நேரம், எல்லாருமாக ஒரு படம் எடுப்போம் என்றாள் ஜெனிற்றா. "ஆனா கொண்டுவந்து தர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க அங்கிள். போன்ல எடுங்க, எடுத்த உடனே எனக்கு அனுப்புங்க."

பிலோமினாவைக் கதவோரம் வெளிச்சத்தில் நிறுத்தினேன். என் வாய் பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டது, "தங்கச்சி, அவரின்ர படத்தை நெஞ்சோட சேர்த்துப் பிடியுங்கோ." எங்கள் ஊர் வீதியோரங்களில் காணாமல் போனவர்களின் படத்தை அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மாரை, மனைவிமாரை எத்தனை நூறு தடவை எடுத்திருப்பேன்.

பிலோமினா தலையை ஆட்டி மறுத்தா. "அது தேடுற ஆக்கள் பிடிக்கிறது, அண்ணை. நானும் பிடிச்சிருப்பன், பிடிக்கப் படம் இல்லை. நாளைக்கும் தேடுவன். இண்டைக்கு வேண்டாம். இண்டைக்கு இவர் வீட்டில இருக்கிறார்."

டிவி வைத்திருந்த தட்டில் சீனிப் போத்தலுக்குச் சாய்த்து அந்தப் படத்தை நிறுத்தினா. அதற்கு இந்தப் பக்கம் தான் நின்று, அந்தப் பக்கம் மகளை இழுத்து நிறுத்தினா. சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, "மூண்டு பேரும் வருகிறமோ எண்டு வடிவாப் பாருங்கோ," என்றா.

"வருகிறியள் தங்கச்சி," என்றேன். "மூண்டு பேரும் வருகிறியள்."